அசையாமல் நின்ற ஏழு மாதம்

கோலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டுவதற்காக அளவெடுக்கப் போன கூட்டம் வைத்த பெயர். கையில் எந்நேரமும் கோலோடு நின்றதால் கோலக்கா. அந்த வேலை முடிந்து முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது அவள் மகளோடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். எப்போதாவது ஒரு பழைய ஆள் கூப்பிட்டு, "கோலக்கா இருக்காங்களா?" என்று கேட்பார். மகள் சிரித்துக்கொண்டே போனை நீட்டுவாள். அந்த ஒரு சொல்லுக்கே அம்மாவின் முகத்தில் பத்து வயது குறைந்துவிடும்.

அந்த ஏழு மாதத்தைப் பற்றி ஆரம்பித்தால் ஏதோ சுற்றுலா போய்வந்தவள் போலத்தான் பேசுவாள். கேட்கிறவர்களுக்குத்தான் உடம்பெல்லாம் அரிக்கும்.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், இழுப்பு நோய்க்கார அம்மாவோடு குடியிருந்தாள். பத்து வருடம் ஒரு தையல் கடையில் பட்டன் துளைகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தவள். கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டார். வேலை தேடி நாலு இடம் ஏறி இறங்கியபின், கால்வாய் அளவைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "என்ன தெரியும்?"

"எட்டு மணி நேரம் ஒரே இடத்துல அசையாம உக்காருவேன் சார்."

"உக்கார வேணாம். நிக்கணும்."

"நிப்பேன்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "இதோ பாரும்மா, மறைக்காம சொல்லிடறேன். உனக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. முதல் ஆள் நாலு நாள். ரெண்டாவது ஆள் ரெண்டு நாள். மூணாவது ஆள் மத்தியானம் சாப்பிடப் போனவர்தான், இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கார்."

"ஏன் சார்? வேலை அவ்வளவு கஷ்டமா?"

"வேலை ஒண்ணுமில்ல. பூச்சிக்கடி."

வேலை உண்மையிலேயே சுலபம்தான். ஆளைவிட இரண்டு பங்கு உயரமான மரக்கோல். அதில் கறுப்பிலும் சிவப்பிலும் கோடும் எண்ணும் போட்டிருக்கும். ஓர் இரும்புத் தட்டைத் தரையில் அழுத்திவைத்து, அதன்மேல் கோலை நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக நிற்க வேண்டும். தூரத்தில் முக்காலிமேல் வைத்த தொலைநோக்கி வழியாகச் சர்வேயர் அந்த எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவார். தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அந்த எண்தான் சொல்லும். எழுதி முடித்ததும் அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கோலைத் தாண்டி முன்னால் போய், மறுபடி நிறுத்தி, மறுபடி பார்ப்பார். அதன்பிறகுதான் கோல் அவரைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போகும். அதுவரை கோல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகும், சில சமயம் அரை மணியும் ஆகும். தட்டு ஒரு விரல்கடை நகர்ந்தாலும் அன்றைய வேலை முழுக்கப் பாழ்.

அந்தக் கால் மணி நேரத்துக்காகவே பூச்சிகள் காத்திருந்தன. முறை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தன என்றுதான் சொல்ல வேண்டும். விடிந்ததும் கொசு. வெயில் ஏறியதும் கொசு ஓய்வெடுக்கப் போக, மாட்டு ஈ வரும். அது குத்தாது, கத்தரித்து எடுக்கும். பொழுது சாயும்போது கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சி, தலைமுடிக்குள் புகுந்து தணல் கொட்டினாற்போலக் கடிக்கும்.

முதல் நாள் மாலை அவள் மாடிப்படி ஏறி வந்தபோது அம்மா கதவைத் திறந்தாள். "என்னடி இது? காலையில முகத்தோட போன, பூசணிக்காயோட வந்திருக்க!"

"இதுக்கே இப்படின்னா எப்படிம்மா? கால் ரெண்டையும் இன்னும் நீ பாக்கலையே."

அம்மா உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றிக்கொண்டே, "நாளைக்குப் போகாதே" என்றாள். மகள் மறுநாளும் போனாள். வைராக்கியம் என்று ஒன்றுமில்லை, வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

பூச்சியை ஏமாற்ற எல்லா வழியும் பார்த்தாள். மண்ணெண்ணெயும் சமையல் எண்ணெயும் கலந்து பூசினாள். பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, இவள் தோல்தான் உரிந்தது. வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டாள், பக்கத்தில் மனிதர்கள்தான் வரவில்லை. கடைசியில் தையல் கைகொடுத்தது. பழைய கொசுவலை ஒன்றை வெட்டி, தொப்பியின் விளிம்பிலிருந்து தோள்வரை தொங்குமாறு தைத்தாள். கிழிந்த காலுறைகளின் நுனியை வெட்டிக் கைகளுக்கு உறையாக்கினாள். அவளைப் பார்த்துக் கூட்டத்தில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஒன்பது பேரும் தொப்பியை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றார்கள்.

ஆனால் விரல்களை மூட முடியாது, கோல் வழுக்கும். வலைக்குள்ளும் இரண்டொரு பூச்சி எப்படியோ நுழைந்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். கீழுதட்டை முன்னால் நீட்டி மேல்நோக்கி ஊதினால் மூக்கின்மேல் உட்கார்ந்தது பறந்துவிடும். கையில் கடித்தால் கையைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அடிக்கத் தோன்றும். அதனால் அவள் எப்போதும் எதிரில் இருப்பதையே பார்த்தாள்: முக்காலி, சர்வேயர், அவர் பென்சிலைக் காதில் செருகுவது, எடுப்பது, மறுபடி செருகுவது. அவரே அறியாத அவர் பழக்கமெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கூட்டத்துக்குச் சமைத்துப்போட ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது, ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டு, கம்பியில் கைப்பிடி கட்டி, உள்ளே தணலும் ஈர இலையும் போட்டு, புகைய விட்டுக்கொண்டே கோலக்கா நிற்கும் இடத்துக்கு வருவார். பூச்சிகள் விலகும். ஆனால் முதல் தடவையே தூரத்திலிருந்து சர்வேயரின் கத்தல் கேட்டது.

"யாருய்யா அது? கோலே தெரியல! புகைதான் தெரியுது!"

அதற்குப்பின் சமையல்காரர் காற்று பார்க்கப் பழகினார். ஒரு பிடி காய்ந்த புல்லைத் தூவி, அது போகும் திசையைப் பார்த்து, புகை அவளைத் தொட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போகும்படி டப்பாவை வைப்பார். ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் அவளைவிட மூத்தவர்கள்கூட வாய்நிறைய 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். சமையல்காரர் மட்டும் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "இந்தாங்க" என்பார். "இந்தாங்க, டீ." "இந்தாங்க, காத்து மாறுது." கூச்ச சுபாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாதத்தில்தான் அந்தச் சண்டை வந்தது.

ஒரு பகுதியை அளந்து முடித்ததும், போன வழியே திரும்பி அளந்து வருவார்கள். கிளம்பிய இடத்துக்கு வரும்போது கிளம்பிய எண்ணே வர வேண்டும். அன்று ஆறு சென்டிமீட்டர் உதைத்தது. தட்டையான சதுப்பில் ஆறு சென்டிமீட்டர் சாதாரணமில்லை. தண்ணீர் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் வரும். சர்வேயர் கூடாரத்தில் உட்கார்ந்து மூன்று முறை கூட்டிக் கழித்துப் பார்த்தார். அப்புறம் வெளியே வந்து, எல்லோரும் பார்க்க, அவளிடம் நேராகப் போனார்.

"நீ நகர்ந்திருக்க."

"இல்ல சார்."

"பூச்சி கடிச்சிருக்கும். காலை உதறியிருப்ப. தட்டு நகர்ந்திருக்கும். மூணு நாள் வேலை போச்சு."

"சார், நான் நகரவே இல்ல."

"அப்ப கோல் தானா நடந்து போச்சா? நாளையிலிருந்து வர வேணாம்."

இருபது வாரம் கடிபட்டதற்குக்கூட அழாதவள், கூடாரத்துக்குப் பின்னால் போய் வலைத்தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். சமையல்காரர் தேநீரோடு வந்து நின்றார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "இந்தாங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார். "அந்த மூணு நாளும் நீங்க அவரையேதானே பாத்துக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்கு வேற என்ன வேலை?"

அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். ஆறிய பிறகும் குடிக்கவில்லை. பிறகு நேரே சர்வேயரின் கூடாரத்துக்குப் போனாள்.

"சார், போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. முந்தாநாள் பட்டுப்போன மரத்துக்கிட்ட நின்னோமே, அங்க நீங்க பின்னால ஒரு தடவை பாத்து எழுதிட்டீங்க. நான் கோலை எடுத்துக்கிட்டு முன்னால வந்து நின்னேன். அப்ப உங்க கழுத்துல ஏதோ கடிச்சுது. ஓங்கி அடிச்சீங்க. உங்க முழங்கால் முக்காலியில இடிச்சுது. ஒரு கால் சேத்துல இறங்குச்சு. நீங்க குனிஞ்சு அதைச் சரிபண்ணிட்டு என்னைப் பாத்து எழுதினீங்க. பின்னால பாத்த எண் முக்காலி இறங்கறதுக்கு முன்னாடி எடுத்தது, அதை நீங்க திரும்பப் பாக்கல."

சர்வேயர் அவளை உற்றுப் பார்த்தார். "அது அந்த இடம்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்த இடத்துல எங்க கடிச்சுதுன்னு எனக்குத் தெரியும் சார். அங்கதான் மாட்டு ஈ என் புருவத்துல கடிச்சுது." வலையை விலக்கிக் காட்டினாள். இடது புருவம் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

அவர் நோட்டைப் புரட்டினார். பட்டுப்போன மரம் என்று குறித்திருந்த பக்கம் வந்ததும் அவர் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அங்கேயும் ஒரு தடிப்பு இருந்தது.

மறுநாள் காலை அந்த ஓர் இடத்தை மட்டும் இருவரும் போய் மறுபடி அளந்தார்கள். ஆறு சென்டிமீட்டரும் அங்கேயே இருந்தது. சர்வேயர் முன்கோபிதான், ஆனால் நேர்மையானவர். அன்று மதியம் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றார். "தப்பு என்னோடது. ஒரு ஈ கடிச்சதுக்கு நான் ஆடினேன். ஆயிரம் கடிச்சும் இந்த அம்மா ஆடல. எல்லார் முன்னாடியும் திட்டினேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்" என்றார். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் உட்கார்ந்ததும், "நாளைக்கு நீ முக்காலியில இருக்கற கண்ணாடியில பாரு, நான் கோல் பிடிக்கறேன். எனக்கும் தெரியட்டும்" என்றார்.

சொன்னபடி செய்தார். அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது சர்வேயர் வானத்தில் கால் பதித்துத் தலைகீழாகத் தொங்கியபடி, தோளைக் குலுக்கி, கன்னத்தைச் சுளித்து, இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டிருந்தார். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்து ஒன்றுமே தெரியவில்லை. நாலாவது நிமிடத்தில் அவர் கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஏழாவது மாதக் கடைசியில் அளவை முடிந்தது. கூடாரங்களைச் சுருட்டும்போது சமையல்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தாங்க... அடுத்த வேலை மலைப்பக்கமாம். அங்க கொசுவே கிடையாதாம்."

"நல்லதுதானே."

"உங்களுக்கு நல்லது. எனக்குத்தான், என்ன சாக்கு சொல்லி உங்க பக்கத்துல வந்து நிக்கறதுன்னு தெரியல."

அவள் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அதனாலதான் ஒருநாளும் என்னை அக்கான்னு கூப்பிடலையா?"

அவர் காதுவரை சிவந்து தரையைப் பார்த்தார். விஷயம் கேட்ட அம்மா, மூச்சிரைப்பையும் மறந்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "சமைக்கத் தெரிஞ்ச ஆளா? நீ வேணாம்னு சொன்னாலும் நான் விடமாட்டேன்!"

மலை, சாலை, ரயில் பாதை என்று இன்னும் இருபத்திரண்டு வருடம் கோலக்கா கோல் பிடித்தாள். போன இடமெல்லாம் அவரும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் பிறந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள். அவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது.

அவர் போவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் பேருந்து ஏறி அந்தக் கால்வாயைப் பார்க்கப் போனார்கள். சதுப்பு இருந்த சுவடே இல்லை. வரிசையாக வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், பந்து விளையாடும் பிள்ளைகள். பட்டுப்போன மரம் எங்கே இருந்தது என்று தேடித்தேடிப் பார்த்தாள், பிடிபடவில்லை. கரையில் போட்டிருந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கடி கிடையாது. அவளுக்கு ஏனோ மனது வெறிச்சென்று ஆனது.

"நாலு கொசுவாவது மிச்சம் வச்சிருக்கக்கூடாதா?" என்றார் அவர்.

"மெதுவாப் பேசுங்க. இங்க குடியிருக்கறவங்க காதுல விழுந்தா அடிக்க வருவாங்க."

கால்வாயில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை போட்ட காகிதத்துண்டு அவர்களைக் கடந்து, அவசரப்படாமல், நிற்காமல், பாலத்துக்கு அடியில் போய் மறைந்தது. அவர் அதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் தக்காளி வாங்கினார். அதில் இரண்டு அழுகல் என்று கடைக்காரரோடு வாக்குவாதம். அதற்குள் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். "ஆகட்டும், நமக்கென்ன அவசரம்" என்று அவர் தக்காளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மகள் இப்போதும் அந்த ஏழு மாதத்தைப் பற்றிக் கேட்பாள். கோலக்காவும் சொல்வாள். ஆனால் தனியாக இருக்கும்போது அவளுக்கு அதிகம் நினைவுக்கு வருவது அந்த முக்கால் மணி நேரம்தான்.