யாரும் உட்காராத ஸ்டூல்

ருவான்வெல்லைக் கடைவீதியில் நானும் கணவரும் சிறிய புடவைக்கடை நடத்துகிறோம். வேலை செய்யும் பெண்கள் இருவரும் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே குடும்பம் போல இருக்கிறோம் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

போன மாதம் தீபாவளி வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். துணி மடித்துக்கொண்டிருந்த செல்வி, கர்ப்பிணிப் பெண், அப்படியே மயங்கி விழுந்தாள். கண்ணாடி அலமாரியின் விளிம்பில் தலை மோதாமல் தப்பியது கடவுள் புண்ணியம். தண்ணீர் தெளித்தோம். கண் திறந்ததும் அவள் சொன்னது இதுதான்:

“நான் சும்மா உக்காரலக்கா. தானா விழுந்துட்டேன்.”

“உன்னை யாரும்மா உக்கார வேணாம்னு சொன்னது? அங்க ஸ்டூல் இருக்குதானே?”

கூட வேலை செய்யும் குமாரி சுவரைக் காட்டினாள். “கேமராவுல ஐயா பாப்பாருன்னு நாங்க உக்காருறதே இல்லக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துணி திருடுபவர்களைப் பயமுறுத்த என் கணவர் மாட்டிய கேமரா அது. பழுதாகி வெகுகாலம். அதைச் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள், நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றே கேமராவைக் கழற்றினோம். இப்போது பிளேன்டீ வந்ததும் முதலில் நான் உட்கார்ந்து, அவர்களையும் உட்கார வைக்கிறேன். ஆனால் செல்வி இன்னமும், உட்காரும் முன் ஆணித் துளை மட்டுமே மிஞ்சியிருக்கும் அந்தச் சுவரை ஒருதரம் பார்த்துக்கொள்கிறாள்.