லேபர் வார்டு வாசலில் எக்ஸும் ஒய்யும்

பிரசவம் பார்ப்பதுகூடப் பெரிதில்லை, பிறந்தது என்ன குழந்தை என்று வெளியே வந்து சொல்வதுதான் எங்கள் நர்ஸ் உத்தியோகத்திலேயே பாடாவதி வேலை. பெங்களூரில் லேபர் வார்டு டியூட்டி பார்க்கிற உங்களுக்கு இந்தப் பாடு தெரியாமலா இருக்கும்.

துணியைப் பிரித்துக் காட்டியது

பின்னால் தகராறு வரக்கூடாது என்று, குழந்தையைச் சுற்றிய துணியைப் பிரித்து வீட்டு ஆட்களிடம் காட்டிவிடுவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். ஒக்கலிபுரம் செல்விக்கு அன்று இரண்டாவது பிரசவம். முதலாவது பெண். இதுவும் பெண். அவள் மாமியாரிடம் பிரித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார். உள்ளே வேறு யாருக்காவது பிரசவம் ஆனதா என்று விசாரித்தார். இவள் ஒருத்திக்குத்தான் என்றேன். அப்படியும் மனசு ஆறவில்லை. "எதுக்கும் உள்ள இன்னொரு தடவ பாத்துட்டு வாங்க சிஸ்டர்."

பாடம் நடத்தியது

அடுத்த வருஷமே செல்வி மறுபடியும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு செக்கப்புக்கு வந்தாள். இதுவும் பெண்ணாகப் போனால் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கே போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா வீடு கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒற்றை அறை. சுரங்கத் தூசி தின்ற அப்பா இருமிக்கொண்டே கிடக்கிறார். மூன்று பிள்ளைகளோடு அங்கே எங்கே போய் ஒண்டுவாள்?

அவள் புருஷன் குமாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பெண்ணிடம் இருக்கிற பாலினக் குரோமோசோம் இரண்டுமே எக்ஸ், அவளால் எக்ஸைத்தான் தர முடியும். ஆணிடம் எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. அவனிடமிருந்து ஒய் போனால் பையன், எக்ஸ் போனால் பெண். எது போகும் என்பது யார் கையிலும் இல்லை. இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன். பி.எஸ்சி. படித்தவர், நன்றாகத் தலையாட்டினார். காலேஜிலேயே படித்ததுதான் என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்: "நான் ஒய்தான் சிஸ்டர் அனுப்பறேன், இவ உடம்பு அத ஏத்துக்க மாட்டேங்குது."

மாத்திரை கேட்டது

அதற்கடுத்த செக்கப்புக்குக் கூட வந்தது மாமியார். மகனுக்கு ஒய் ஏறுவதற்கு மாத்திரை ஏதாவது உண்டா என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். கரு உண்டான அன்றைக்கே முடிந்துபோன விஷயம், இனி மாத்திரையும் இல்லை, மந்திரமும் இல்லை என்றேன். போகட்டும், இது மகன் பக்கத்து விஷயம் என்று இந்த அம்மாவுக்காவது உறைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். எனக்குப் புத்தி வேண்டாமா. "அவனுக்கு ஒய் கம்மியா இருந்துச்சுன்னா, அது இவ ஆக்கிப் போடற சோத்தால வந்த கோளாறு."

கையைப் பிடித்தது

மூன்றாவதும் பெண். நல்ல எடை, நல்ல குரல். செல்வி ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வெளியே சொந்தக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் குமாரை நிறுத்தி, இது உன்னால் வந்தது, அவளால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன் பார் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எழுந்து உட்காரத் தெம்பில்லாதவள் என் கையை எட்டிப் பிடித்தாள். "வேணாம் சிஸ்டர். என்னால வந்ததுன்னா அம்மா வீட்டுக்குத் தொரத்துவாங்க, அவ்ளோதான். அவரால வந்ததுன்னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்கன்னா அடிச்சே கொன்னுடுவாரு."

ஆணா பெண்ணா என்பது அப்பா தருகிற குரோமோசோமில்தான் இருக்கிறது என்று இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், என்ன, அப்பாக்கள் காதில் விழாதபடி சொல்கிறேன்.