இழுத்துப் படித்த பசாம்

நான் காதுக்குள் கேட்கிற பாட்டை அம்மா பேய்ப் பாட்டு என்பார். பிளாக் மெட்டல் என்று பெயர் சொல்லிப் பார்த்தேன். பெயர் தெரிந்ததால் பேய் குறையவில்லை. அதிலும் எனக்குப் பிடித்தது மிக மெதுவான வகை. ஒரே கிற்றார் இரைச்சல் பத்து நிமிடம் மாறாமல் போகும். எங்கோ தூரத்தில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். பனி கொட்டும் காட்டில் ஆளைத் தனியே விட்டதுபோல் இருக்கும். பனியைப் பற்றி எனக்கென்ன தெரியும்? குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் கட்டி இழுத்து முதுகு போனதுதான் மிச்சம்.

அப்பா கடலுக்குப் போய் மூன்று நாள் கழித்துத்தான் கரையொதுங்கினார். உடம்பு இருந்த நிலையில் வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. பெட்டியை மூடியபடியே சேமக்காலைக்குக் கொண்டுபோய், பொழுதுபட முதல் அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பாவின் பேச்சை எடுத்தால் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார். நானும் அழவில்லை. இரண்டு வருடமாகச் சோறு, கறி, கரண்ட் பில் பற்றி மட்டுமே கதைத்தோம். எனக்குக் களைத்துவிட்டது. அந்தப் பாட்டைக் கேட்கும்போது மட்டும்தான் நல்லாயிருக்கிறேன் என்று யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இந்தத் தவக்காலத்தில், எங்கள் கோயிலில் வழக்கமாகப் பசாம் படிக்கும் அண்ணை ஒருவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பசாம் என்பது ஆண்டவரின் பாடுகளைச் சொல்லிப் புலம்புவது. அவர் மரித்த நாளான பெரிய வெள்ளியன்று அதைப் படிக்க ஆளில்லாமல் முடியாது. சின்ன வயதில் நான் பாடகர் குழுவில் நின்றது கோயில் மூப்பருக்கு ஞாபகம் வந்தது. மறுக்கத் தெம்பில்லாமல் தலையாட்டினேன்.

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்பதில்லை. நான் களவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிழை அதனால்தான் வந்தது. வாய் பசாமைப் படித்தது, வேகமோ மற்றப் பாட்டினுடையது. ஒரு வரியைப் பிடித்தால் விட மனம் வரவில்லை. ஆண்டவர் உயிர் விடும் இடத்தில் சனம் முழங்காலில் நின்றது. நான் இழுத்தேன். கிழவிகள் முன்னாலிருந்த வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். மூப்பர் இரண்டு தரம் இருமிக் காட்டினார். நான் கண்ணைத் திறக்கவில்லை.

முடிந்ததும் மூப்பர் என்னை வாசலில் பிடித்தார்.

"தம்பி, ஆண்டவர் மூண்டு மணிக்கு மரிச்சவர். நீ அவரை அஞ்சு மணி வரைக்கும் தொங்கவிட்டிட்டாய். சனத்தின்ரை முழங்கால் என்னத்துக்கு ஆகிறது?"

வெட்கமாக இருந்தது. இனி என்னைக் கேட்கமாட்டார்கள் என்று நிம்மதியாகவும் இருந்தது.

அம்மாவும் நானும் நடந்து வந்தோம். பாதி வழியில், "உது நீ காதுக்குள்ளை கேக்கிற பாட்டின்ரை இழுவை தானே?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. பிழைச்சுப்போச்சு."

அவர் தெருவோர மதகில் குந்திவிட்டார். மூச்சு வாங்குகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"அப்பாவுக்கு உப்பிடி ஆறுதலாப் படிக்க ஆரும் இருக்கேல்லை. அவசர அவசரமாத் தாட்டுப்போட்டம், தம்பி," என்றார்.

பிறகு வாய்விட்டு அழுதார். பக்கத்தில் குந்தி நானும் அழுதேன். கோயிலால் திரும்பிய சனம் எங்களைப் பார்த்துக்கொண்டு போனது. பெரிய வெள்ளியானபடியால் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.