தருமபுரத்து வாட்டர் பம்ப்

1. புகை

அன்று காலை டீ டம்ளரைக் கையில் எடுத்ததும் போன் அடித்தது.

"சுந்தரம், வண்டி புகையுது. உடனே வாங்க. ஷெட்டுக்கெல்லாம் எடுத்துட்டுப் போக வேணாம், இங்கயே பாக்கணும்."

சேவியர் முசே. அவர் சொல்வதை அப்படியே நம்பி ஓடக் கூடாது என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. ரேடியேட்டர் கொதித்து நீராவி அடித்து ஓய்ந்திருந்தது.

காரைக்காலில் ரொம்ப வருஷம் கார் ஒர்க்‌ஷாப் நடத்தினேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் மட்டும் வீட்டுக்கே போய் வேலை செய்து கொடுக்கிறேன். இன்ஜின் இறக்கிய கதை, கியர்பாக்ஸ் பிரித்த கதை என்று எத்தனையோ இருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல உட்கார்ந்தால் இந்தச் சின்ன வேலைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

சேவியர் முசே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரான்சில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் வீடு கட்டிக்கொண்டு மனைவி தெரேஸ் அம்மாளோடு வந்துவிட்டார். யார் கார் கெட்டாலும் யோசனை சொல்வார். எனக்கே சொல்வார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அங்க என்ன வேலைங்க பாத்தீங்க?"

"கதவு மாட்டுற செக்‌ஷன்."

"அப்புறம்?"

"அப்புறமும் கதவுதான். இடது பக்கக் கதவு."

வலது பக்கக் கதவைக்கூடத் தொடாத மனிதர் எனக்கு இன்ஜின் பாடம் எடுத்திருக்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குத்தான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

2. கெடு

போர்ட்டிகோவில் பானெட்டைத் திறந்து வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டினேன். ஆடும் பல் மாதிரி ஆடியது. பம்புக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"பம்ப் போயிடுச்சு முசே. பேரிங்கும் காலி, சீலும் காலி."

"மெதுவா பேசுங்க. தெரேஸ் காதுல விழப்போவுது."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் தெரேஸ் அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் முறம் நிறையப் பூண்டுமாக வெளியே வந்தார். எங்களைப் பார்க்க வசதியாக உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தார். முசே என்னைக் காருக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்.

விஷயம் இதுதான். அந்தக் கார் நாகூர் ரோட்டில் இரண்டு தடவை நின்றுபோயிருக்கிறது. இரண்டு தடவையும் தெரேஸ் அம்மாள் வேகாத வெயிலில் ரோட்டோரம் நின்றிருக்கிறார். இரண்டாவது தடவை வீடு திரும்பியதும் கெடு வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழம வேளாங்கண்ணிக்குப் போறோம். நிக்காம போயி நிக்காம திரும்பி வந்தா இங்க இருப்பாளாம். வழியில நின்னா டிக்கெட் போடச் சொல்லிட்டா, பிரான்சுல பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னு." முசேயின் குரல் இறங்கியது. "எனக்கு இந்த ஊரு வேணும் சுந்தரம். அவ இல்லாம இந்த ஊரும் வேணாம்."

அன்று வெள்ளிக்கிழமை.

"ஷெட்டுக்குக் கொண்டுபோனா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாமே?"

"பிரான்சுலயெல்லாம் அவனவன் வண்டிய அவனவன் வீட்டு வாசல்லயே பாத்துக்குவான். தெரேஸ் பாக்க நான்தான் கழட்டணும். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

போதுமாம்! சரி என்று புது பம்பும் கேஸ்கட்டும் வாங்கி வர மகனுக்குப் போன் போட்டேன்.

3. கழற்றல்

இன்ஜின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருவர் திறந்து கையைச் சுட்டுக்கொள்கிறார். அதனால் இன்னொரு தடவை சொல்லி வைக்கிறேன்.

ஆறிய பிறகு கீழ் ஹோஸைக் கழற்றித் தண்ணீரை வடித்தோம். ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்தோம். பிறகு புல்லி. பம்பு போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்து அசைய மறுத்தது. முசே ஸ்பேனரில் முழு பலத்தையும் காட்டப் போனார்.

"ஒடஞ்சா வேல முடிய விடிஞ்சிரும் முசே. ஆயில் விட்டு ஊற வைங்க. இறுக்குற பக்கம் லேசா ஒரு இழுப்பு, கழட்டுற பக்கம் ஒரு இழுப்பு."

"கதவு போல்ட்டு இப்பிடி மக்கர் பண்ணாது" என்று முனகிக்கொண்டே செய்தார். கடைசியில் போல்ட் இறங்கி வந்தது. பம்பை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைகள் எலி கொறித்த தேங்காய்ச்சில்லு மாதிரி அரித்துக் கிடந்தன. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பு. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் பருப்பே வேகாது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும்?

"கூலன்ட்டுல போர் தண்ணி கலந்திருக்குது. எந்த அறிவுகெட்டவன் ஊத்துனான்? வண்டிய மாடுன்னு நெனச்சுத் தண்ணி காட்டியிருக்கான்!"

"நான் கூலன்ட்டத் தவிர ஒரு சொட்டு ஊத்துனதில்ல" என்று முசே கையில் அடித்துச் சொன்னார். அப்புறம் அவருக்குப் பொறி தட்டியது. "சுரக்குடி கலியபெருமாள்! போன மாசம் வண்டிய இரவல் வாங்கிட்டுப் போனான். டிராக்டர் ஓட்டுறவன், வாய்க்காத் தண்ணியக்கூட ஊத்துவான். இருங்க, போன் போட்டு நாலு வார்த்த கேக்குறேன்."

போனைக் காதில் வைத்துவிட்டார். அப்போதுதான் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் புள்ளையத் திட்டாதீங்க. நான்தான் ஊத்துனேன்."

4. குடம்

அறிவுகெட்டவன் என்று நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்து விழுங்க முடியுமா? பம்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். முசே போனை வைத்தார்.

தெரேஸ் அம்மாள் பூண்டைப் பார்த்தே பேசினார். "ரோட்டுல நின்னப்ப பானெட்டத் தொறந்து வச்சிக்கிட்டு நின்னீங்களே, அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல. அதுலேர்ந்து தெனம் காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வந்து பாப்பேன். பானெட்டுக்குள்ள அந்த டப்பாவுல தண்ணி கொறஞ்சி கெடக்கும். சொன்னா மனசு ஒடஞ்சி போயிடுவீங்க. கொடத்துலேர்ந்து ஊத்தி வச்சிட்டுப் போயிடுவேன்."

"வண்டி நிக்கணும்னு நீ நெனக்கிறேன்னுல்ல இருந்தேன்" என்றார் முசே.

"நிக்கணும்னு நெனக்கிறவ எதுக்கு விடியக்காலம் எழுந்து தண்ணி ஊத்துறா?"

"அப்ப டிக்கெட்டுப் போடச் சொன்னே?"

"பொண்ணு தெனம் கூப்புட்டு, அங்க என்னம்மா இருக்கு, வந்துடுங்கங்கறா. நான் என்ன பதில் சொல்றது? அப்பா வண்டியில கோயிலுக்குப் போயிட்டு நல்லபடியா வந்தோம்னு ஒரு தடவயாவது சொல்லணும்ல?"

முசே கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கறுப்பு. அந்த வீட்டில் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் அந்தக் காரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அழுவுறத அப்புறம் வச்சிக்கலாம். வேலைய முடிங்க" என்றார் அம்மாள்.

அதற்கப்புறம் முசே வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கிற பழைய கேஸ்கட் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழுந்தால் புது பம்பும் ஒழுகும். நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை. கதவு இடைவெளியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணல்லவா? பிளேடை வைத்துப் பொறுமையாகச் சுரண்டி வழவழவென்று ஆக்கிவிட்டார். என் மகன்கூட அத்தனை சுத்தமாகச் செய்யமாட்டான்.

உப்புப் போகும்வரை உள்ளே டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசினோம். பம்பை மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, பெல்ட்டைப் போட்டு, கூலன்ட் ஊற்றினோம். மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டால்தான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். அதுவரை டெம்பரேச்சர் முள்ளைக் கவனிக்கிற வேலையைத் தெரேஸ் அம்மாள் எடுத்துக்கொண்டார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, "பாதி... பாதி... பாதியிலயே நிக்குது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்துக்கொண்டிருந்தார்.

5. ஞாயிறும் திங்களும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. புது பம்புதான், நானே நின்று மாட்டியதுதான், இருந்தாலும் வண்டியை நம்ப முடியுமா? சாயங்காலம் தெரேஸ் அம்மாளே போன் செய்தார். "வீட்டுக்கு வந்துட்டோம் சுந்தரம். எங்கயும் நிக்கல. பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்." நிம்மதியாக இரண்டாவது தடவை சாப்பிட்டேன்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான் தம்பிகளா. கடற்கரை ஊரில் போர் தண்ணீரை ரேடியேட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். யாராவது ஊற்றியிருந்தால், யார் ஊற்றியது என்று கத்துவதற்கு முன்னால் ஏன் ஊற்றினார்கள் என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை நான் ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது தெரேஸ் அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். "வண்டிக்கு ஊத்துற அந்தப் பச்சக் கலரு தண்ணி வேணும்" என்றார். மகன் சின்ன டப்பா ஒன்றை எடுத்து நீட்டினான். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளைக்கி வரும்?"

"இப்போதைக்கி ஊத்தவே தேவப்படாதுங்க. சும்மா கையிருப்புக்கு."

டப்பாவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மேல் தட்டைக் காட்டினார்.

"அந்தப் பெரிய கேனக் குடு தம்பி. நாங்க இங்கதான இருக்கப்போறோம்."