பிள்ளையார் இருக்கும் கம்ப்யூட்டர்

நன்னிலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் செல்வம் அண்ணனுக்குப் போன மாதம் விர்ச்சுவல் மெஷின் போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர்.

"சந்தேகமான லிங்க்கெல்லாம் இதுக்குள்ள திறங்கண்ணே. வைரஸ் வந்தாலும் இதை அழிச்சிட்டா போச்சு" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

இன்று போனால் வெளிக் கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ். உரம் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் வரைக்கும் அதில்தான் திறந்திருக்கிறார். ஊர்க்காரர்களின் ஆதார், சிட்டா நகல்களும் அதில்தான் இருக்கின்றன.

"உள்ள இருக்கறத ஏண்ணே தொடவே இல்ல?"

திறந்து காட்டினார். திரை முழுக்கப் பிள்ளையார் படம்.

"புதுசா, சுத்தமா இருக்கு தம்பி. சாமி படம் வேற வச்சிருக்கேன். அதுல போயி கண்டதையும் திறக்கலாமா?"

பிள்ளையார் பத்திரமாக இருக்கிறார். அண்ணனிடம் ஆதார் கொடுத்தவர்கள் யாரெல்லாம், கமெண்ட்டில் கையைத் தூக்குங்கள்.