அப்பாவின் சோத்தாங்கை

இன்று காலையும் காரின் வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் தேடினேன். அது இடதுபக்கம் இருந்தது. ஜெர்மனியில் அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது, நான்தான் இத்தனை வருஷமாகியும் இடம் மாறி உட்காருகிறேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இறங்கினால் மானம் போய்விடும் என்று எதையோ தேடுவதுபோல் சீட்டுக்கடியில் துழாவிவிட்டு, சுற்றிவந்து ஏறினேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலை நம்பி இந்த நாட்டுக்கு வந்த யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். இடது வலது குழம்பாமல் இங்கே ஒரு பொழுது போகாது. எனக்குச் சாப்பாட்டு மேசையில் மட்டும் அந்தத் தகராறு வந்ததில்லை. தொண்ணூறுகளில் வந்திறங்கிய முதல் வாரமே, ஆலை கேண்டீனில், முள்கரண்டி என் இடதுகையில் ஒட்டிக்கொண்டது. என்னோடு வந்தவர்கள் கோழித்துண்டைத் தட்டைச் சுற்றித் துரத்திக்கொண்டிருந்தபோது நான் இங்கேயே பிறந்தவன்போலச் சாப்பிட்டேன். அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் எனக்கே அது ஒரு பிலிம் சுருளால்தான் விளங்கியது.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் மேஸ்திரி. அம்மா வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ், தினமும் பஸ்ஸில் போய்வருவாள். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவருடைய போட்டோக்கள் சில உண்டு. எல்லாவற்றிலும் ஸ்டூடியோக்காரன் சொன்னபடி விறைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் என் ஞானஸ்நான விருந்தை ஒரு ஜெர்மன்காரர் சினிமா எடுத்திருந்தார். ஆலையில் மெஷின் பூட்ட வந்தவர், அப்பாவோடு பழகி வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்து, கையடக்கக் கேமராவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். ஊருக்குப் போய்க் கழுவி, சுருளைத் தபாலில் அனுப்பிவைத்தார். நல்ல மனுஷன்தான். அதைப் போட்டுப் பார்க்க ஆம்பூரில் யாரிடம் புரொஜக்டர் இருக்கிறது என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. சுருள் வந்து சேர்ந்தபோது அப்பாவும் இல்லை. அம்மா அதைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். சில சமயம் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எறும்பளவு மனிதர்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவாள். எனக்கு ஆசையெல்லாம் ஒன்றுதான். அப்பா எப்படி நடப்பார், எப்படிச் சிரிப்பார், நான் அவர் மாதிரி இருக்கிறேனா? பார்க்கவேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு விடுமுறையில் அந்த டின்னை அப்படியே பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்தேன்.

இந்த ஊரில் பழைய பிலிம் ஸ்கேன் செய்து தரும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் பெயர் லிண்ட்னர், இந்த ஊர் மரியாதைப்படி ஹெர் லிண்ட்னர். சுருளைக் கொடுத்து, நாள்கணக்கில் காத்திருந்து, வாங்கிவந்து கம்ப்யூட்டரில் போட்டால் வீடியோ இல்லை. ஆயிரக்கணக்கில் தனித்தனிப் போட்டோக்கள். திரும்ப ஓடினேன். "நீங்கள் கேட்டது ஸ்கேன்" என்றார். "வீடியோ எங்கே?" "வீடியோ வேறு, ஸ்கேன் வேறு. சீட்டில் ஸ்கேன் என்றுதானே எழுதியிருக்கிறது?" ஆம்பூரில் செருப்பைத் தைக்கக் கொடுத்தால் மற்ற செருப்பையும் பார்த்து ஒரு தையல் போட்டுக் கொடுப்பான். இங்கே கேட்டது மட்டும்தான் கிடைக்கும், அதுவும் வார்த்தை பிசகாமல் கேட்டால்தான். சரி, நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்கோ எண்ணத் தெரியவில்லை. ஒன்றுக்கு அடுத்துப் பத்து, பத்துக்கு அடுத்து நூறு என்று அடுக்கிவைத்தது. அப்பா சாப்பிட உட்கார்கிறார், கைகழுவுகிறார், திடீரென்று வாசலில் நிற்கிறார், மறுபடி தட்டு காலியாகாமல் இருக்கிறது. அதைச் சரிபண்ணினால் வேகம் தகராறு. நொடிக்கு இருபத்தைந்து படம் என்று ஓட்டினால், புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்கிறவர்போல ஓடினார். சனி, ஞாயிறெல்லாம் இந்தக் கருமத்திலேயே போயிற்று. என் மனைவி பிலிம் என்ற சொல்லை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பதினெட்டுக்குக் குறைத்தபோது அவர் மனிதனானார். வாசலிலிருந்து நிதானமாக நடந்து வந்தார், லேசாக முன்பக்கம் சாய்ந்த நடை. பாயில் உட்கார்ந்து என்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். யாரோ ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சத்தம் இல்லை. எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் அழுதேன். சிடியில் ஏற்றி உடனே ஆம்பூருக்கு அனுப்பினேன். அம்மாவிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் என் பள்ளிக்கூடத் தோஸ்த் இஸ்மாயில், அம்மாவைக் கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னான்.

காட்டிவிட்டு அவனே போன் செய்தான். "இன்னாடா சாமு, இன்னா படம் எடுத்து அனுப்பிருக்க? மொத்த ஜனமும் பீச்சாங்கையால பிரியாணி துன்னுது!"

"இன்னாடா உளர்ற?"

"உளர்றனா? கண்ண தொறந்து பாரு. எங்க வாப்பா, உங்க சர்ச்சு பாதர், பெரிம்மா, எல்லாம் பீச்சாங்கை. அவுங்க உயிரோட இருந்தா உன்ன வெட்டிருவாங்க. ஜெர்மனிக்கு போயி இதுகூட தெரியாத அளவுக்கு பெரிய ஆளாய்ட்டியா நீ?"

ஓடிப்போய்ப் போட்டுப் பார்த்தேன். ஐயோ, ஆமாம். படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறியிருந்தது. பெண்களுக்கு முந்தானை வலது தோளில். ஆண்களுக்குச் சட்டைப்பை வலதுபக்கம். சாப்பிடுகிற கையோ, சொல்லவே கூசுகிறது. ஆம்பூரில் குழந்தைகூட ஒரு நொடியில் கண்டுபிடித்திருக்கும். இந்த ஊர்க் கேண்டீனில் அவரவர் இஷ்டத்துக்கு எந்தக் கையிலும் தின்பதைப் பார்த்துப் பார்த்து என் கண் மரத்துப்போய்விட்டது. அந்த எரிச்சல் இஸ்மாயில் மீதா, கடைக்காரர் மீதா, என் மீதா என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "ம்மா, கடைக்காரன் திருப்பிப் போட்டுட்டான். சரிபண்ணி வேற அனுப்புறேன்."

"வேணாம் சாமு. நல்லாதான் இருக்குது. அப்படியே இருக்கட்டும் விடு."

தட்டை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்றால்கூட மறுபடி கழுவச் சொல்கிறவள். அவள் விடச் சொன்னது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை, கோபத்தில் நேராகக் கடைக்குப் போனேன்.

ஹெர் லிண்ட்னர் படத்தை ஓட்டிப் பார்த்தார். "எழுத்து எதுவும் இல்லையே, திரும்பியிருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" சட்டைப்பையைக் காட்டினேன். உங்கள் ஊர்த் தையல்காரர்கள் அப்படித் தைப்பார்களோ என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் ஊரில் வலதுகைக்கு என்ன பெயர் தெரியுமா, சோத்தாங்கை, அதாவது சோறு தின்கிற கை, ரைஸ்ஹாண்ட் என்றேன். அவர் மிகுந்த அக்கறையோடு, "அப்படியென்றால் இடதுகை ரொட்டிக் கையா?" என்றார். பீச்சாங்கைக்கு ஜெர்மனில் என்ன சொல்வது? கடையில் வேறு இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "இல்லை, அது வேறு வேலைக்கு" என்றேன். அவர் எந்த வேலைக்கு என்று கேட்டார். அட போய்யா என்று தமிழிலேயே சொன்னேன். அவர் அதையும் ஒரு தகவலாக ஏற்றுக்கொண்டு தலையசைத்தார்.

பிறகு படத்தை நிறுத்தி, திரையில் விரலை வைத்தார். "இந்த மனிதர் வலதுகையால்தானே சாப்பிடுகிறார்? அவர் செய்வது சரி என்றால் என் மெஷினும் சரி."

"அவர் என் அப்பா" என்றேன்.

"அப்போ உங்கள் அப்பா என் பக்கம்" என்று சிரித்தார்.

அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அப்பா திரையில் வரும்போதெல்லாம் நான் முகத்தைத்தான் பார்த்திருந்தேன், கையை எங்கே பார்த்தேன்? எல்லோரும் மாறியிருக்கும் படத்தில் அவர் மட்டும் சரியாக இருந்தார். அப்படியானால் நிஜத்தில் அந்தப் பந்தியில் எல்லோரும் சரியாக இருக்க, அவர் மட்டும்தான் மாறியிருந்தார். வெளியே வந்து காரின் தப்பான பக்கத்தில் ஏறி, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் நானும் இடதுகைக்காரன்தான். அல்லது, இருந்தேன். சின்ன வயதில் அம்மா என் இடதுகையைத் துணியால் இடுப்போடு கட்டிவிட்டுத்தான் சோறு போடுவாள். விரலில் வேப்பெண்ணெய் தடவுவாள். அதையும் மீறித் தட்டில் இடதுகை பட்டால் கரண்டிக்காம்பு பேசும். எழுதுவது, பந்து எறிவது, பல் விளக்குவது, ஒன்றையும் விடவில்லை. எனக்குத் தெரிந்து என்னை அவள் அடித்ததெல்லாம் அதற்கு மட்டும்தான். வளர்ந்தபின் நான் அதை ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கை இங்கே வந்ததும் முள்கரண்டியைத் தாவிப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை, பாவம், அதற்கும் பசிதானே.

அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "ம்மா, அப்பா எந்தக் கையால சாப்டுவாரு?"

"பாத்துட்டியா?" என்றாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"யாரும் சொல்லக்கூடாதுன்னு நாந்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். உங்கப்பா போன வீட்டுல, பொணத்த எடுக்கறதுக்கு முன்னாடியே பேசுனாங்க, பீச்சாங்கைக்காரனுக்கு ஆயுசு கம்மின்னு. என் காதுபடவே. நீ மடியில இருந்துகினு இந்த கைய நீட்டி தாலிய புடிச்சி இழுக்கற. அதே கை. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி."

"நீ நர்ஸும்மா. காமாலைக்கும் கைக்கும் இன்னா சம்பந்தம்?"

"தெரியாதா எனக்கு? வார்டுல எத்தன புள்ளைங்கள பாத்துருப்பேன். எல்லாம் தெரியும். தெரிஞ்சி இன்னா பண்றது, நீ ஒருத்தன்தான் எனக்கு." மூக்கை உறிஞ்சினாள். "ஜாஸ்தி அடிச்சிட்டேன்டா கண்ணு உன்ன."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, இழவு வீட்டில் அப்படிப் பேசிய அந்த வாய்கள்மேல். ஒரு நோயாளிக்கு மருந்து சரியாகக் கொடுக்கத் தெரிந்தவளை, தன் பிள்ளையின் கையைப் பார்த்து நடுங்கவைத்துவிட்டார்களே! அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்: "அத திருப்பி சரியா போட முடியுமா? இதுல உங்கப்பா யாரோ மாதிரி கீறாரு. நான் அவர அவராவே பாக்கணும்."

ஹெர் லிண்ட்னரிடம் மறுபடி போகும் தைரியம் எனக்கில்லை. இஸ்மாயிலைக் கேட்டேன். "அட பேஜாரு, அதுக்கு ஒரு பட்டன் இருக்குதுடா, ஒரு தட்டு தட்டுனா திரும்பிக்கும்" என்றான். இருந்தது. இத்தனை சண்டைக்கும் ஒரே தட்டு. பந்தியில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட, நடுவில் அப்பா மட்டும் இடதுகையால் சோற்றைப் பிசைந்து சின்ன உருண்டையாக்கி என் வாயருகே கொண்டுவருகிறார். மடியில் இருக்கும் நான் அந்தக் கையைப் பிடிக்க என் இடதுகையை நீட்டுகிறேன். அவர் சிரித்தது அதற்குத்தான்.

சிடியைத் தபாலில் போட்டுவிட்டு வந்த சாயங்காலம், மனைவி சோறும் சாம்பாரும் வைத்திருந்தாள். படத்தை ஓடவிட்டு, தட்டை இழுத்து, இடதுகையை வைத்தேன். இந்த நாட்டில் எந்தக் கை என்று கேட்க ஒருத்தரும் இல்லை. கட்டிப்போட அம்மாவும் பக்கத்தில் இல்லை. விரல்கள் சோற்றுக்குள் போய் நின்றன. பிசையத் தெரியவில்லை. எடுத்த பிடி வாய்க்கு வருவதற்குள் சட்டையில் கொட்டியது. முள்கரண்டி பிடிக்க மட்டும் தெரிந்த கை அது. திரையில் அப்பா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் இடதுகையைக் கழுவிக்கொண்டு வந்து, வலதுகையால் சாப்பிட்டேன்.