வல்லக்கோட்டையில் என்னை ஒளித்துவைத்த அக்கா

ஆமாம், திருடன் வேஷம்தான். காலேஜைப் பாதியில் விட்டவனுக்குக் கலெக்டர் வேஷமா கொடுப்பார்கள்?

இன்று வல்லக்கோட்டையில் சினிமா படிக்கும் பசங்களின் முதல் நாள் ஷூட்டிங். தெருவில் நான் ஓட, போலீஸ் உடுப்பில் சேகர் துரத்த வேண்டும். கூட்டம் கூடிவிடும் என்று பயந்து கேமராவை வைக்கோல் வண்டியில் மறைத்திருந்தார்கள். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

பாதித் தெருவில் ஒரு அக்கா என் சட்டையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

வெளியே சேகர் கேட்டான். "எங்கம்மா அவன்?"

"ஏரிப் பக்கமா ஓடிட்டான்யா."

எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "இன்னா பண்ணேன்னு கேக்க மாட்டேன். மூச்சு வாங்கிக்கினு பின்பக்கமா போயிடு."

பேசாமல் போயிருக்கலாம். "இது சினிமா, அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சொம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"கம்பெனி சங்கத்துல சேந்தான்னு போலீசு என் தம்பியத் தொரத்தனப்போ ஒரு வூடும் தொறக்கல. நாளைக்கு எவனாவது நெசமா ஓடியாந்தா, நான் எப்டிடா நம்பிக் கதவத் தொறப்பேன்?"

வெளியே வந்து டைரக்டர் மூர்த்தியிடம் சொன்னேன். அவனுக்கு ஒரே குஷி. "செம சீன் மச்சி! அவங்கள மறுபடி அதே மாதிரி பண்ணச் சொல்லு. வெளிச்சம் போவுது."

அக்கா சாத்திக்கொண்ட கதவுக்கு எதிரே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தட்டலாமா? ரூமில் எல்லாரும் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். அது வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், ஆனாலும் போடுங்கள்.

மூர்த்தி கத்துகிறான். போக வேண்டும்.